பதினேழாம் எண்ணின் கோபம்

மே 20, செவ்வாய்

கத்திரி வெயில். ஆறரைக்கே தரை சுடுகிறது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துப்பட்டாவில் வழக்கம்போல் சாம்பல் பொடி. அம்மா உதறிவிட்டு, “நெய்வேலி பவுடர், காசு குடுக்காம கிடைக்குது, பூசிக்கோ” என்றாள்.

இன்று:
1. வடிகட்டி ஆன் (11 மணி)
2. அப்பாவின் புது பேன்ட், டெய்லர் கடை
3. கேஸ் புக்கிங்
4. மானேஜருக்கு மெயில்
5. தலைக்கு எண்ணெய் (முடிந்தால்)

11.05. ஆன் செய்தாயிற்று. ஆறு மாத வேலை, ஒரு பட்டனில்.

ஆறு மாதம் கழித்துப் படித்தால் எனக்கே புரியாது என்பதால் எழுதி வைக்கிறேன். எங்கள் கம்பெனி ஆப்பில் ஆட்கள் குழு குழுவாகச் சேர்ந்து பதிவு போடுவார்கள். ஒவ்வொரு பதிவும் விழ விழ என் புரோகிராம் படித்து மார்க் போடும்: மகிழ்ச்சி எவ்வளவு, சோகம் எவ்வளவு, கோபம் எவ்வளவு, மிரட்டல், மரியாதை எவ்வளவு. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. கோபமோ மிரட்டலோ 0.85க்கு மேல் போனால் அந்தப் பதிவு எழுதியவருக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. மறைந்தது எழுதியவருக்கே தெரியாது. சண்டை வளராது. மானேஜருக்கு இந்த யோசனையில் ஏகப்பட்ட பெருமை. எனக்கும்தான், பொய் எதற்கு.

பெயர்கள் எனக்குத் தெரியாது, எண்கள்தான். பதிவுகளையும் திறந்து படிக்க மாட்டேன், மார்க் மட்டும் பார்ப்பேன். பிறர் கடிதத்தைப் படிப்பது போலத்தானே அது. இந்த விதியை எழுதியதே நான்.

சோதனைக்கு எடுத்த குழு அப்பாவின் செக்‌ஷன். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டும் ஆட்கள், ரிட்டயர் ஆனவர்கள் உட்பட அறுபது சொச்சம் பேர். போன மாதம் நான் கெஞ்சியதால் அப்பா எல்லாரையும் சேர்த்துவிட்டார். நான் அந்தக் குழுவில் இல்லை. குட்மார்னிங் பூப்படம் போடுவார்கள், வேறென்ன.

மாலை டெய்லர். அப்பாவின் இடுப்பு இரண்டு அங்குலம் கூடிவிட்டதாம். “டேப்பு சரியில்ல” என்றார் அப்பா. 31ஆம் தேதி அவருக்குக் கடைசி நாள். முப்பத்து நான்கு வருட சர்வீஸ். அந்த பேன்ட்டில்தான் கேட்டை விட்டு வெளியே வர வேண்டும்.

மே 21, புதன்

வெயில். பகல் பதினொன்றுக்குக் கரன்ட் போய்விட்டது. ஊருக்கெல்லாம் கரன்ட் அனுப்பும் ஊரில் உட்கார்ந்து நோட்டால் விசிறிக்கொண்டேன்.

கிராப் பிரமாதம். மலை மாதிரி இருந்த கோபக் கோடு படுத்துவிட்டது. மானேஜர் கைதட்டும் பொம்மை மூன்று போட்டார். மறைந்த பதிவுகள் முக்கால்வாசி இரண்டே எண்களுடையவை: 17, 4. அதிலும் 17 பயங்கரம். தினமும் காலை 5.40க்கு முதல் பதிவு. எழுந்ததும் யாரையாவது திட்டாவிட்டால் அந்த ஆளுக்குக் காபி இறங்காது போலிருக்கிறது.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது: “பாப்பா, நெட்டு இருக்கா?”
“ஃபுல்லா இருக்குப்பா.”
கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மே 23, வெள்ளி

மார்க்கெட் பக்கம் முழுக்கப் பலாப்பழ வாசனை. பண்ருட்டி லாரி வந்து இறங்கியிருக்கிறது. அம்மா வாங்க விடவில்லை. “கலியண்ணன் கொண்டாருவாரு. வாங்கி வச்சா அதுக்கும் திட்டுவாரு.”

கலியபெருமாள் மாமா. அப்பாவும் அவரும் முப்பது வருடம் ஒரே ஷிப்ட், ஒரே பஸ், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட். வளையமாதேவிப் பக்கம் இருந்த நிலம் மைன்ஸுக்குப் போன பிறகு குள்ளஞ்சாவடியில் மனை வாங்கினார். பக்கத்து மனையை அப்பாவை வாங்க வைத்தார். “வாங்க வைத்தார்” என்றால் ஒரு மாதம் திட்டினார் என்று அர்த்தம். போன வருடம் ரிட்டயர் ஆகி அங்கே குடி போய்விட்டார். எங்கள் வீடும் கட்டி முடிகிற நிலை. காம்பவுண்டுச் சுவர் போன வாரம்தான் பூசினார்கள். பெயின்ட் அடித்தால் முடிந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கேதான் போக வேண்டும்.

இந்த இருவரும் ஒருவரையொருவர் நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. காலேஜில் எனக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தபோது அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாமா அல்வாவோடு வந்தார். “ஏன்டா அந்தோணி, பொண்ணு அஞ்சு பேப்பர் பாஸ் பண்ணிக்கினு வந்து நிக்குது, ஒண்ணுதான் போச்சி. நீ எஸ்எஸ்எல்சில எத்தினி வுட்ட, சொல்லட்டா? தெருவுல நின்னுக்கினு கத்திச் சொல்லட்டா?” அப்பா அல்வாவைத் தின்றார்.

மாமாவின் கடைசி நாளில் அப்பாதான் மாலையோடு அவரைப் பழைய ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டார். இறங்கியதும் எல்லார் எதிரிலும் மாமா சொன்னார்: “ஒங் கடைசி நாள்ல நாந்தான்டா ஒன்ன இட்டாந்து வூட்டுல எறக்குவேன். வேற எவன் வண்டியிலயாவது ஏறுன, கால ஒடைப்பேன்.”

இன்று அப்பாவிடம், “மாமா போன் பண்ணாராப்பா?”
“அவன் எதுக்குப் பண்ணப்போறான்.”
குரல் ஒரு மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

மே 25, ஞாயிறு

காலைப் பூசை. ஃபேன் ஓடியும் விசிறிக்கொண்டே சாமியாரின் பிரசங்கம் கேட்டோம். பொறுமை பற்றி. எனக்குப் பின்னால் இரண்டு அக்காக்கள்:
“அடுத்த வாரம் அந்தோணியண்ணன் ரிட்டயராம்.”
“பொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் அமையலையே?”
“வூட்டுலயே கம்ப்யூட்டர் வேலையாம். எவன் கண்ணுல படறது.”
பொறுமை.

மதியம் வீட்டில் பூகம்பம். அம்மா, “31ந்தேதிக்குக் கலியண்ணன்கிட்ட நேரம் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். அப்பா குழம்பு ஊற்றிக்கொண்டே, “அவனுக்குத் தெரியாதா என்ன” என்றார். கொஞ்ச நேரம் கழித்து: “மேரி, பண்ருட்டியில வாடகைக்கு ஒரு வீடு பாப்போம். குள்ளஞ்சாவடி வேணாம்.”

அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது. “கட்டுன வீட்ட என்னா பண்றது?”
“வித்துடலாம்.”
“என்னாங்க ஆச்சி?”
“ஒண்ணும் ஆகல. சுத்துப்பட்டு சரியில்ல.”

பத்து வருடம் சேமித்துக் கட்டிய வீடு. எந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் மாமா வீட்டு முருங்கை தெரியும் என்று பார்த்துப் பார்த்து வைத்த ஜன்னல். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா மோர் கேட்டார்.

சாயங்காலம் மானேஜருக்கு அறிக்கை. அதற்காக மட்டும் மறைந்த பதிவுகளில் பத்தைத் திறந்து பார்க்க அனுமதி. புரோகிராமே எடுத்துத் தரும். அதில் 17ஆம் எண்ணுடையது ஒன்று: “செத்துட்டியாடா?” அவ்வளவுதான், ஒரே வார்த்தை. இன்று காலை போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எழுந்து ஒரு மனிதனிடம் இப்படிக் கேட்கிற ஆள் எப்படிப்பட்டவராக இருப்பார்!

அறிக்கையில் எழுதினேன்: ஒரே ஒரு ஆள் குழுவைக் கெடுக்கிறார். ஜூன் 1 முதல் 17ஆம் எண்ணை நிரந்தரமாக ஊமையாக்கலாம். மானேஜர், “குட் கேட்ச், அமலா.”

மே 27, செவ்வாய்

அப்பா இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். ஆறு தின்கிற மனிதர்.

ரிட்டயர்மென்ட் சோகம் என்று அம்மாவும் நானும் முடிவு கட்டினோம். நெட்டில் தேடினேன். ஓய்வு பெறுபவர்கள் நடைப்பயிற்சி செய்ய வேண்டுமாம், புதுப் பொழுதுபோக்கு வேண்டுமாம், மனம் விட்டுப் பேச வேண்டுமாம். ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தேன்.

அப்பா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “எதுக்கு பாப்பா? யாராச்சும் தொரத்தப் போறாங்களா?” என்றார். சிரித்தார். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. மனம் விட்டுப் பேச வைக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் அரை மணி நேரம் நியூஸ் பார்த்தோம்.

கவனிக்க: மாமா இன்னும் பலாப்பழம் கொண்டுவரவில்லை. மே முடியப்போகிறது. இதுவரை இப்படி ஆனதில்லை. கேட்டால் அம்மா, “ரெண்டு பேருக்கும் ஏதோ. யாரு மொதல்ல பேசறதுன்னு வீம்பு புடிச்சிக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவங்களா?” என்றாள். நான் போன் செய்கிறேன் என்றதற்கு அப்பா உள்ளே இருந்தே கத்தினார்: “யாரும் யாருக்கும் பண்ண வேணாம்!”

மே 28, புதன்

கத்திரி முடிந்துவிட்டதாம். யார் சொன்னது? வெயிலிடம் யாரும் சொல்லவில்லை.

பகல் 12.10. நல்ல செய்தி! 17ஆம் எண் திருந்திவிட்டார்! முதல் முறையாக ஒரு பதிவு பச்சையில் வந்திருக்கிறது. மரியாதை, வாழ்த்து, 0.98. ஆறு மாதத்தில் நான் பார்த்த மிக உயர்ந்த மார்க். வடிகட்டி தானாக வழிவிட்டது. மானேஜருக்கு அனுப்பினேன். இதய பொம்மை போட்டார். அம்மாவிடம் போய், “ஒரு ரவுடி திருந்திட்டாம்மா” என்று சொல்லி வடை ஒன்று அதிகம் தின்றேன்.

2.40. அப்பா வந்தார். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். போனை அம்மாவிடம் நீட்டினார். அம்மா எழுத்துக் கூட்டாத குறையாக வாசித்தாள்:

“மதிப்பிற்குரிய திரு. அந்தோணிசாமி அவர்களுக்கு, தங்கள் பணி ஓய்வுக் காலம் இனிதே அமைய வாழ்த்துகள். சொந்த வேலை காரணமாக விழாவிற்கு வர இயலாது. தங்கள் உண்மையுள்ள, பெ. கலியபெருமாள்.”

அப்பா, “மதிப்பிற்குரியவாம்” என்றார். “திருவாம். எனக்குத் திரு போடறான்.”

பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. தண்ணீரை வீணாக்கினால் எங்களைத் திட்டுகிற மனிதர்.

நான் அம்மா கையிலிருந்து போனை வாங்கினேன். என் ஆப். பதிவு போட்ட நேரம் 12.10.

மே 28, மாலை ஐந்தரை

என் விதியை நானே உடைத்தேன். 17, 4 இரண்டு எண்களின் மறைந்த பதிவுகளையும் திறந்தேன். 17 மாமா. 4 அப்பா. சிலவற்றை அப்படியே இங்கே எழுதுகிறேன். எனக்குத் தண்டனையாக இருக்கட்டும்.

20ஆம் தேதி, 17: ஷிப்ட் முடிஞ்சிச்சாடா எருமை. புது பேன்ட்டு தைச்சியா, இல்ல ஓட்ட பேன்ட்டோடதான் ரிட்டயர் ஆவப்போறியா. (கோபம் 0.91)

20, 4: புது பேன்ட்டுக்கு அளவு குடுத்துட்டேன்டா பரதேசி. ஒன் சொட்டத் தலைக்கு மொதல்ல வழி பாரு. (கோபம் 0.93)

21, 17: என்னாடா பதிலக் காணோம். கொழுப்பு ஏறிப்போச்சா?

23, 17: பழம் பழுத்துப் போச்சி. வந்து எடுத்துக்கினு போ. இல்ல, வெட்டி ஒந் தலையில கவுத்துருவேன். (வன்முறை 0.94)

24, 4: நாய்க்குக் கூட நன்றி இருக்கும்டா கலியா. நாலு நாளா வாயத் தொறக்கல நீ.

25, 17: செத்துட்டியாடா?

26, 4: ரிட்டயர் ஆனதும் பழைய ஆளு வேணாம்னு ஆயிடுச்சா ஒனக்கு? ஒன் பக்கத்துல போயி வூடு கட்டனேன் பாரு, என்னச் செருப்பாலயே அடிக்கணும். (கோபம் 0.96)

26, 17: நெசமாதான் கேக்கறேன். ஒடம்பு எப்டி இருக்குது? பதில் போட்றா பாவி.

27, 17: 31ந்தேதி கேட்டாண்ட வருவேன். ஒன்னத் தூக்கிக்கினு வந்துருவேன், எவன் தடுக்கறான்னு பாக்கறேன். வேணாம்னா ஒரு வார்த்த சொல்லிடு. (கடத்தல் மிரட்டல் 0.97)

28, 17: மதிப்பிற்குரிய திரு...

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் பஸ் இல்லாமல் போனதும் என் ஆப்புக்கு வந்திருக்கிறார்கள். எனக்காகச் சேர்ந்தார்கள் என்று நினைத்தேன். ஒருவரை ஒருவர் திட்ட ஒரு இடம் கிடைத்தது என்று சேர்ந்திருக்கிறார்கள். ஒன்பது நாளும் இருவரும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. நடுவில் நின்று பிடுங்கி வைத்துக்கொண்டது நான். கடைசியில் உண்மையாகவே கோபப்பட்டு ஒன்று எழுதினார், அதற்குப் பச்சை இதயம் போட்டு நானே கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தேன்.

என் புரோகிராமைப் படிக்க வைத்தது நடிகர்களின் ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் கமென்ட்களில். அங்கே யாரும் யாரையும் பாசமாக எருமை என்று சொல்வதில்லை. அது புரோகிராமுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. இந்த வீட்டில்தானே வளர்ந்தேன்.

மே 29, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

“அப்ப அவன் எழுதுனான்?”
“தினமும்ப்பா.”
“என்னா எழுதுனான்?”

மானேஜரைக் கேட்காமலே வடிகட்டியை நிறுத்தினேன். பிடித்து வைத்த பதிவெல்லாம் ஒரே நேரத்தில் விழ ஆரம்பித்தன. அப்பாவின் போன் மேஜை மேல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. அம்மா ஓடி வந்து பிடித்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் பதிவிலேயே, “இவன் மூஞ்சி! ஓட்ட பேன்ட்டாம்!” என்று சிரித்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். “ஒடம்பு எப்டி இருக்குது” வந்ததும் நின்றுவிட்டார். மேலே நகர்த்தவே இல்லை. அம்மா அவர் தோளில் கையை வைத்தாள்.

அப்பா எழுதியதெல்லாம் மாமாவுக்குப் போகவில்லை. நேற்று அந்த மரியாதைக் கடிதம் போட்ட கையோடு 17 குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அப்பா போன் செய்தார். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி. ஓய்ந்தது. அம்மாவின் போனிலிருந்து, கட் செய்துவிட்டார்.

“எடுக்க மாட்டான். எனக்குத் தெரியும். இனிமே எடுக்க மாட்டான்.”

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வீட்டுல ஒருத்தன் இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல பாப்பா” என்றார், அவ்வளவுதான்.

மே 30, வெள்ளி

லீவு போட்டேன். அப்பாவின் பதிவுகளை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். இரண்டு பக்கம். கடைக்கார அக்கா மேலோட்டமாகப் படித்துவிட்டு, “போலீஸ் கேஸாம்மா?” என்றார். கிட்டத்தட்ட, என்றேன்.

குள்ளஞ்சாவடி பஸ். ஜன்னலோர சீட், அனல் காற்று. கூட்டு ரோட்டில் இறங்கி நடந்தேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை. மாமா வீட்டில் ராஜேஸ்வரி அத்தை மட்டும் இருந்தார். “எங்க இருக்கப்போறாரு, ஒங்க வூட்டாண்டதான்.”

போய்ப் பார்த்தால், முண்டாசு கட்டிக்கொண்டு, ஓஸ் பைப்பைப் பிடித்து எங்கள் காம்பவுண்டுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார் மாமா. புதுப்பூச்சு காய்ந்தால் வெடித்துவிடுமே. தினமும் இரண்டு வேளை, பூசிய நாளிலிருந்து. அப்பாவுக்குத் திரு போட்ட அன்றும். அத்தை பின்னால் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். “வாங்கம்மா. நல்லா இருக்கீங்களா?” என்றார்.

என்னை! பிறந்ததிலிருந்து “ஏ கழுத” தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிடாதவர். அங்கேயே அழுதுவிட்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் போயிற்று.

அத்தை மோர் கொடுத்தார். குடித்துவிட்டுத் தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மிசினு மேல பழியப் போடாத. வேணாம்னா வேணாம்னு அவன் சொல்லிட்டுப் போவட்டும்.” அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. பிரின்ட்டை எடுத்து வாசித்தேன். பரதேசி, சொட்டத் தலை, நாய்க்குக் கூட நன்றி. என் அப்பாவின் வசவுகளை நடுத்தெருவில் நின்று சத்தமாக. எதிர்வீட்டில் ஒரு அம்மாள் வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்.

செருப்பால் அடித்துக்கொள்வது வந்ததும் மாமா கையைத் தூக்கினார். “இது என்னைக்கி எழுதுனான்?”
“26ந்தேதி மாமா.”
“எத்தினி மணிக்கி?”
“காலைல நாலே முக்கால்.”
“பஸ்ஸுக்குப் போவறதுக்கு மின்ன” என்றார். தனக்குத்தானே.

காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். குழாயைத் திறந்துவிட்டு மறுபடி சுவருக்கு அடிக்க ஆரம்பித்தார். வருவாரா என்று கேட்டேன்.
“ஸ்கூட்டர எடுத்து ஆறு மாசம் ஆவுது. பாட்டரி போச்சி.”
“மாமா...”
“வெய்யில்ல நிக்காத. பஸ்ஸு போயிடும்.”

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பலாப்பழமும் கொடுக்கவில்லை. வீட்டில் அப்பா, எங்கே போனாய் என்று கேட்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தார். நான் துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டேன்.

மே 31, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

காலை நாலே முக்காலுக்கு அப்பா கடைசி ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பினார். டிபன் பாக்ஸ் கழுவும்போது அம்மா அழுதாள், வெங்காயம் என்றாள். வெங்காயமே நறுக்கவில்லை.

பகல் இரண்டு மணி, கேட். அன்று ரிட்டயர் ஆகிற வேறு நாலைந்து பேரும் உண்டு. பூ சுற்றிய கார்கள், மாலைகள், மேளம் ஒரு செட். அப்பா புது பேன்ட்டில் வந்தார். மாலை மூன்று. சிரித்தார், கும்பிட்டார், போட்டோவுக்கு நின்றார். கண் மட்டும் ரோட்டில்.

செக்‌ஷன் ஆட்கள் கார் கொண்டுவந்திருந்தார்கள். “ஏறுங்கண்ணே.” ஒரு நிமிஷம் என்று தண்ணீர் குடித்தார். மறுபடி, “ஏறுங்கண்ணே.” நான் வாங்கிக் கொடுத்த ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி தண்ணீர். 2.25. மற்ற கார்கள் எல்லாம் போய்விட்டன. மேளக்காரர் என்னைப் பார்த்தார். அம்மா, “போலாம்ங்க” என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா தலையாட்டிவிட்டுக் கார்க் கதவில் கையை வைத்தார்.

அப்போது ரோட்டுத் திருப்பத்தில் ஒரு புகை. புகைக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். அதன் முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு பலாப்பழம்.

“டேய் எரும! எவன் கார்லடா கைய வைக்கற? கால ஒடைப்பேன்னு சொன்னனா இல்லியா?”

கேட்டில் இருந்த ஆபீசர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கதவிலிருந்து கையை எடுத்தார்.

“இருவத்தஞ்சு நிமிஷம் லேட்டுடா பரதேசி. சர்வீஸ்லதான் லேட்டு, ரிட்டயர் ஆகியுமா?”

“ஒன் வூட்டு செவுத்துக்கு ஒங்கப்பனா வந்து தண்ணி ஊத்துவான்? ஏர்றா சனியனே.”

ஒரு ஆபீசர் மனைவி, வெளியூர்க்காரர், என் கையைப் பிடித்து, “சண்டையாம்மா?” என்று பயந்துபோய்க் கேட்டார். “இல்லைங்க, வாழ்த்து” என்றேன்.

அப்பா ஏறினார். மாலை பறந்து மாமா முகத்தில் அடித்தது, அதற்கு ஒரு திட்டு. நான் பின்னாலேயே அம்மாவை ஏற்றிக்கொண்டு என் வண்டியில். இரண்டாவது ரவுண்டானாவில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. பாட்டரி. கார் கொடுக்கிறேன் என்று வந்தவர்களை இருவரும் சேர்ந்து விரட்டினார்கள். அங்கிருந்து குவார்ட்டர்ஸ் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் கழுத்தில் மூன்று மாலை. மற்றவர் கையில் ஹேண்டில்பார். தப்பு யார் மேல் என்று வழியெல்லாம் சண்டை. வாசலில் வந்ததும் மாமா மூச்சு வாங்கிக்கொண்டே, “எறக்கிட்டேன்” என்றார்.

பண்ருட்டி வாடகை வீடு பற்றி யாரும் பேசவில்லை. பழம் ஏகப்பட்ட இனிப்பு. மாமா என்னைப் பார்த்து, “ஏ கழுத, கொட்டைய எடுத்து வையி” என்றார். ஓடிப்போய் எடுத்து வைத்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

மானேஜருக்கு நீண்ட மெயில். 17 பற்றிய பரிந்துரையை வாபஸ் வாங்கினேன். வடிகட்டியைக் கேட்காமல் நிறுத்தியதற்கு மன்னிப்பு. அவர் போன் செய்து கொஞ்சம் கத்தினார். அப்புறம் கேட்டார்: “சரி, பாசமா கோபமான்னு புரோகிராம் எப்படிக் கண்டுபிடிக்கும்?” தெரியாது என்றேன். “அப்ப?” வாங்குகிறவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அதற்கு அவர்: “செஞ்சு காட்டு.”

ஜூன் 3, செவ்வாய்

நேற்று சாயங்காலம் நல்ல மழை. சாம்பலெல்லாம் கழுவி மரங்கள் பச்சையாக இருக்கின்றன.

இந்தக் குழுவுக்கு மட்டும் புது ஏற்பாடு. எதையும் மறைப்பதில்லை. கோப மார்க் ஏறினால் பதிவுக்கு அடியில் யாருக்கு எழுதப்பட்டதோ அவரிடம் ஒரு கேள்வி: இது உங்களைப் புண்படுத்துகிறதா? ஆம், இல்லை, இரண்டு பட்டன். பதில் எழுதியவருக்குப் போகும். மாமா மறுபடி சேர்ந்துவிட்டார். அதே 17ஆம் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

5.40. முதல் பதிவு விழுந்தது. 17: எரும, பஸ்ஸு போயிடுச்சி பாரு. ஓடு ஓடு. (கோபம் 0.88)

ஹாலில் அப்பா போனை எடுக்கும் சத்தம். நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. புது முறையின் முதல் பதில். மானேஜருக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

4: ஆம்.

ஓடிப்போய், “ஏம்ப்பா? நிஜமாவே புண்படுத்துதா?” என்றேன்.

அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். “அவனுக்குப் போகும்ல? போகட்டும். கொஞ்ச நேரம் துடிக்கட்டும் பய.”

போன் அடிக்கிறது. மாமா.